ஒரே பாட்டு, இரண்டு கலவை! எது அசல்?

ஒரே பாட்டு. பாடியவர் ஒருவர்தான். மெட்டும் ஒன்றுதான். ஆனால், இரண்டு இடத்தில் கேட்டால் இரண்டு விதமாக இருக்கிறது!

பழைய இசைத்தட்டில் பாடகரின் குரல் பக்கத்தில் வந்து நிற்கிறது. வாத்தியங்கள் எல்லாம் பின்னால் கைகட்டி நிற்கின்றன. புதிய பதிப்பில் அப்படி இல்லை. வலப் பக்கம் வயலின். இடப் பக்கம் புல்லாங்குழல். அடியில் 'டம் டம்' என்று ஒரு முழக்கம். பழைய தட்டில் அந்த முழக்கம் இவ்வளவு பெரிதாக இருந்ததே இல்லை.

"புதியது தெளிவாக இருக்கிறது" என்கிறார் ஒருவர்.

"பாட்டையே கெடுத்துவிட்டார்கள்" என்கிறார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி?

இது ரசிகர்களின் வீண் சண்டை அல்ல. அறுபது ஆண்டுகளுக்கு முன் பிறந்த பாட்டு, இனி பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கு எந்த உருவத்தில் போய்ச் சேரும்? அதுதான் இங்கே கேள்வி.

கைப்பக்குவம்

கலவை என்றால் என்ன?

ஒரு தெருவில் பத்து வீடு. பத்து வீட்டிலும் இன்று சாம்பார். பருப்பு, புளி, மிளகாய்த்தூள், முருங்கைக்காய் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. ருசி மட்டும் பத்து விதம்! எதை எவ்வளவு போடுவது, எப்போது போடுவது என்பதில்தான் வித்தியாசம். அதைத்தான் கைப்பக்குவம் என்கிறோம்.

பாட்டும் அப்படியே. குரல் எவ்வளவு, தபலா எவ்வளவு, வயலின் எவ்வளவு என்று அளவு பார்த்துச் சேர்க்கிறார்கள். அதுதான் கலவை. சினிமாக்காரர்கள் 'மிக்ஸிங்' என்பார்கள்.

தபலாவைக் கொஞ்சம் தூக்கினால் பாட்டு துள்ளும். அதையே தணித்துக் குரலைத் தூக்கினால் பாட்டு உருகும். மெட்டு மாறவில்லை. சொல் மாறவில்லை. ஆனாலும் பாட்டின் முகம் மாறிவிடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சினிமாவில் 'ரீமிக்ஸ் பாட்டு' என்று ஒன்று உண்டு. 'சொர்க்கம்' படத்துப் பாட்டு 1970-ல் வந்தது. அது 2007-ல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் புது வேஷம் போட்டது. அதே 2007-ல் 'பொல்லாதவன்' படத்தில் 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்துப் பாட்டு வந்தது.

அவை புதுச் சமையல். படம் வேறு, நடிகர் வேறு. யாரும் ஏமாறப் போவதில்லை. பிடித்தவர் கேட்கலாம். பிடிக்காதவர் விட்டுவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதே படத்தின் பெயர். அதே பாடகரின் பெயர். மேலே அதே கதாநாயகனின் படம். உள்ளே மட்டும் கலவை மாறியிருக்கிறது! மாறியதாக எங்கும் எழுதியிருப்பதில்லை. இதுதான் சிக்கல்.

கோடம்பாக்கத்தில் அன்று

1950-களிலும் 1960-களிலும் கோடம்பாக்கம், வடபழனி ஸ்டூடியோக்களில் பாட்டு எப்படிப் பதிவானது?

பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் கூடினார்கள். பல முறை ஒத்திகை பார்த்தார்கள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் பதிவு செய்தார்கள். நடுவில் ஒருவர் தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்!

சவுண்டு என்ஜினீயர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருப்பார். குரலும் வாத்தியமும் வரும்போதே அளவு பார்த்து ஒன்றாகச் சேர்த்துவிடுவார். அந்த நிமிஷத்தில் சேர்ந்ததுதான் கலவை. பிறகு மாற்ற முடியாது. சாம்பார் கொதித்து இறங்கிவிட்டது. அதிலிருந்து புளியை மட்டும் எப்படித் திருப்பி எடுப்பது?

இப்படி எல்லா ஓசையும் ஒரே கோட்டில் அடங்கிய பதிவுக்கு 'மோனோ' என்று பெயர். ஒற்றை வழி. தியேட்டரிலும் ஓசை திரைக்குப் பின்னாலிருந்து ஒரே பக்கமாகத்தான் வந்தது. வீட்டு ரேடியோவிலும் அப்படியே. கேட்கும் பெட்டிக்கு ஒரே வாய் இருந்த காலம் அது.

இரண்டு வாய் உள்ள பெட்டிக்கு ஏற்றது 'ஸ்டீரியோ'. இரட்டை வழி. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. ஸ்டீரியோவில் பதிவான தமிழ்ப் படப் பாட்டுகளுக்கு முன்னோடி என்று 1978-ல் வந்த 'பிரியா' படத்தைச் சொல்வார்கள். இசை இளையராஜா. சிங்கப்பூரிலிருந்து 'டூ-இன்-ஒன்' கொண்டுவந்த வீடுகளில் அந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டுவதே ஒரு பெருமை!

ஆக, 'பிரியா'வுக்கு முந்தைய பாட்டு ஒன்று இன்று இரு பக்கமும் பிரிந்து கேட்டால், பிறகு யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

எப்படிக் கை வைப்பார்கள்? மூன்று வழி உண்டு.

முதல் வழி: தடித்த ஓசையை ஒரு பக்கமும் மெல்லிய ஓசையை மறு பக்கமும் தள்ளிவிடுவது. 1960-களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளே இதைச் செய்தன. இது போலி ஸ்டீரியோ.

இரண்டாம் வழி: பழைய பதிவின் மேலேயே புது வாத்தியங்களை வாசித்துச் சேர்ப்பது.

மூன்றாம் வழி: கம்ப்யூட்டரைக் கொண்டு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரித்து, மறுபடியும் கலப்பது. இது அண்மைக் காலத்தில் வந்தது.

இரும்புலியூரில் ஒரு வீடு

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது இரும்புலியூர். மதுரவாயல் பக்கம் போகும் புறவழிச் சாலை இங்கே பிரிகிறது. அருகிலேயே ரயில் பாதை. இரவும் பகலும் லாரி ஓசை ஓய்வதில்லை.

இந்த ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் கல்லூரியில் படிக்கிறான். சாயங்கால வேளை. பேரன் செல்போனில் ஒரு பழைய பாட்டைப் போடுகிறான்.

"தாத்தா, கேட்டுப் பாருங்க. எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"சுத்தமாத்தான் இருக்கு. ஆனா, இது அந்தப் பாட்டு இல்லேடா."

"அதே பாட்டுதான் தாத்தா. பேரு போட்டிருக்கான் பாருங்க."

"பேரு இருக்கு. பாட்டைக் காணோமே!"

உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுக்கிறார்: "எதுக்கு வாய்ச்சண்டை? ரெண்டையும் போடுங்க. கேட்டுட்டுச் சொல்லலாம்."

பாட்டி சொன்னதுதான் நியாயமான யோசனை. ஆனால், பேரன் செல்போனில் தேடினால் என்ன வருகிறது? ஒரே பாட்டுக்குப் பல பதிவுகள் வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரே படம். 'அசல்' என்று ஒன்றில் போட்டிருக்கிறது. 'புத்தம் புது ஒலி' என்று இன்னொன்றில் போட்டிருக்கிறது. எது 1960-களில் ஸ்டூடியோவில் இறங்கியது, எது போன வருஷம் யாரோ கலந்தது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தமிழ்நாட்டில் பழைய பாட்டு கேட்கும் வீடெல்லாம் இந்தக் கதைதான்.

இருவர் காதும் ஒன்றல்ல

தாத்தா சொல்வதை அப்படியே நம்பலாமா? அதுவும் கூடாது. இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, வயது. சிறு பிள்ளையின் காது, விநாடிக்கு 20,000 அதிர்வு வரை உள்ள மெல்லிய உச்ச ஓசையையும் பிடிக்கும். வயது ஏற ஏற அந்த உச்சம் குறைந்துகொண்டே வரும். அறுபதைத் தாண்டியவர் பலருக்கு அதில் பாதிக்கு மேல் கேட்பது அரிது. இது மருத்துவ உண்மை.

பழைய தட்டின் 'உஸ்' என்ற இரைச்சல் உச்ச ஓசைதான். பேரன் காதில் அது ஊசியாய்க் குத்தும். தாத்தாவுக்கு அது முழுதாகக் கேட்பதே இல்லை! பிறகு எப்படி இருவரும் ஒத்துப் போவார்கள்?

இரண்டாவது காரணம், ஞாபகம். தாத்தா இளமையில் எதில் கேட்டார்? 1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்தது. ரசிகர்கள் இலங்கை வானொலிப் பக்கம் போனார்கள். 1957-ல் விவிதபாரதி வந்தது. டீக்கடை ரேடியோவில், கலியாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில், ஆடி மாதக் கூழ் விழாவில் கேட்டதுதான் பலருக்கு முதல் ஞாபகம்.

1980-களில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் கடை வந்தது. பாட்டுப் பட்டியலையும் 60 நிமிஷக் காசெட்டையும் கொடுத்தால், பதிவு செய்து தருவார்கள். அது நகலின் நகல். அதிலும் பாட்டின் ஓரம் தேய்ந்துதான் போயிருந்தது.

ஆகவே, 'அந்தக் காலத்தில் கேட்டது' என்பதும் ஒரே ஓசை அல்ல. தாத்தாவின் ஞாபகமும் அசலுக்குச் சாட்சி அல்ல. பேரனின் செல்போனும் சாட்சி அல்ல. ஸ்டூடியோவில் அன்று இறங்கிய பதிவு ஒன்றுதான் சாட்சி.

சத்தம் செய்யும் மாயம்

புதியது ஏன் பலருக்கு உடனே பிடித்துப்போகிறது? அதற்கும் காரணம் உண்டு.

ஒரே பாட்டை இரண்டு முறை போடுங்கள். இரண்டாம் முறை சத்தத்தைத் துளி ஏற்றி வையுங்கள். கேட்பவர் "இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது" என்பார். சத்தம் ஏறியது அவருக்குத் தெரியாது. 'தரம்' ஏறியதாகவே காது நம்பிவிடும்!

இந்த ரகசியம் உலகம் முழுவதும் இசை விற்பவர்களுக்குத் தெரியும். 1990-களிலிருந்து குறுந்தகடுகளில் ஒரு சத்தப் போட்டியே நடந்தது. தாழ்ந்த ஓசையைத் தூக்கிவிடுவார்கள். உயர்ந்த ஓசையின் தலையைத் தட்டிவிடுவார்கள். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். தாலாட்டும் போர் முரசும் ஒரே சத்தம் என்றால் எப்படி இருக்கும்?

லாரி ஓடும் இரும்புலியூரில் இதனால் ஒரு நன்மையும் உண்டு. அதை மறுக்கக் கூடாது. மின்சார ரயிலில் கடற்கரை வரை நின்றுகொண்டே போகிறவருக்குப் பாட்டின் தாழ்ந்த இடம் காதில் விழாது. அதைத் தூக்கிக் கொடுப்பது உதவிதான். ஆனால், ரயிலுக்கு என்று செய்ததே வீட்டுக்கும் என்றால், பாட்டின் ஏற்ற இறக்கத்தைப் பிள்ளைகள் எங்கே கேட்பது?

லண்டனில் நடந்தது

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியது அல்ல. இங்கிலாந்தில் பீட்டில்ஸ் என்று நான்கு வாலிபர்கள் இருந்தார்கள். ராக் இசையில் உலகையே ஆட்டி வைத்தவர்கள். 1967-ல் 'சார்ஜெண்ட் பெப்பர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதில் ஒரு பாட்டில் தில்ரூபா, தபலா, தம்பூரா எல்லாம் வரும். அதை எழுதிப் பாடிய ஜார்ஜ் ஹாரிசன், பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றவர்.

அந்த இசைத்தட்டு இரண்டு கலவையில் வந்தது. ஒன்று மோனோ, ஒன்று ஸ்டீரியோ.

அப்போது இங்கிலாந்திலும் பெரும்பாலான வீடுகளில் ஒற்றை வாய்ப் பெட்டிதான். ஆகவே, மோனோ கலவைக்கு வாரக் கணக்கில் மெனக்கெட்டார்கள். நால்வரும் கூடவே உட்கார்ந்து கேட்டார்கள். ஸ்டீரியோ கலவையைச் சில நாளில் முடித்தார்கள். அப்போது அந்த நால்வரும் இல்லை!

விளைவு? இரண்டும் இரண்டு விதமாகிவிட்டன. வீட்டை விட்டுப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி அதில் ஒரு பாட்டு உண்டு. மோனோவில் அது வேகமாக ஓடுகிறது. சுருதியும் சற்று உயர்ந்திருக்கிறது. ஸ்டீரியோவில் அதே பாட்டு நிதானமாக, சுருதி தாழ்ந்து போகிறது. வீட்டை விட்டுப் போகிறவள் ஒன்றில் விரைந்து போகிறாள். மற்றொன்றில் கால் தயங்கிப் போகிறாள்!

பிறகு பல ஆண்டு கடையில் கிடைத்தது பெரும்பாலும் ஸ்டீரியோதான். அந்த நால்வரும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட மோனோ ஒதுங்கிப் போனது. ரசிகர்கள் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2009-ல் மோனோ, ஸ்டீரியோ இரண்டையும் சுத்தம் செய்து, தனித்தனியாக வெளியிட்டார்கள்.

2017-ல் அந்த இசைத்தட்டுக்கு 50 வயது. அன்று அதைத் தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின். அவருடைய மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாக ஒரு ஸ்டீரியோ கலவை செய்தார். பழைய மோனோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தார். அந்தப் பெண்ணின் பாட்டு இந்தப் பதிப்பில் மறுபடியும் மோனோவின் வேகத்துக்கு வந்துவிட்டது.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? புதிய கலவை செய்தார்கள். அது தப்பல்ல. ஆனால், பழையதை அழிக்கவில்லை. புதியது இன்னார் செய்தது, இந்த வருஷம் செய்தது என்று பெயர் போட்டார்கள். வாங்குகிறவர் தெரிந்து வாங்கினார்.

கர்ணன் திரும்பி வந்தான்

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1964 பொங்கலுக்கு வந்த படம் 'கர்ணன்'. பி. ஆர். பந்துலு எடுத்தது. சிவாஜி கணேசன் நடித்தது. பாட்டு கண்ணதாசன். இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. படத்துக்கும் ஒலிக்கும் மெருகேற்றி, 2012 மார்ச்சில் மறுபடியும் திரையிட்டார்கள். நூறு நாளைத் தாண்டி ஓடியது!

அதே பந்துலு எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்', எம்.ஜி.ஆர். நடித்து 1965-ல் வந்தது. 2014 மார்ச்சில் அதுவும் புது மெருகோடு வந்தது. அதுவும் நூறு நாளைத் தாண்டியது.

இது நல்ல காரியம். மெருகேற்றாவிட்டால் வாலிபர்கள் தியேட்டருக்கு வந்திருக்க மாட்டார்கள். தேய்ந்த படச் சுருளின் கரகரப்பைக் கேட்டு எழுந்து போயிருப்பார்கள்.

ஆனால், ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2012-ல் விசுவநாதன் இருந்தார். ராமமூர்த்தி இருந்தார். டி. எம். சௌந்தரராஜன் இருந்தார். "அன்று இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்க ஆள் இருந்தது.

2013-ல் ராமமூர்த்தி மறைந்தார். அதே ஆண்டு சௌந்தரராஜனும் மறைந்தார். 2015-ல் விசுவநாதன் மறைந்தார். 'திருவிளையாடல்' படத்துக்கு இசையமைத்த கே. வி. மகாதேவன் 2001-லேயே மறைந்துவிட்டார்.

இனி யாரைக் கேட்பது? வயலின் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்தப் பழைய ஒலிப்பதிவைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்ட அளவு அதில்தான் இருக்கிறது. அதையும் தொலைத்துவிட்டால், சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை!

புளியைப் பிரிக்கும் யந்திரம்

இப்போது அந்த மூன்றாம் வழிக்கு வருவோம். சாம்பாரிலிருந்து புளியைப் பிரிக்க முடியாது என்று சொன்னோம் அல்லவா? அதையும் பிரிக்க யந்திரம் வந்துவிட்டது!

பீட்டில்ஸ் 1966-ல் வெளியிட்ட 'ரிவால்வர்' இசைத்தட்டின் ஓசைகளைக் கம்ப்யூட்டர் கொண்டு பிரித்து, 2022-ல் புதிய கலவை செய்தார்கள். 1980-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லென்னனின் குரல் ஒரு பழைய காசெட்டில் பியானோவோடு ஒட்டிக் கிடந்தது. அதையும் பிரித்தெடுத்து, 2023-ல் ஒரு பாட்டை முடித்து வெளியிட்டார்கள்.

அதே போன்ற வித்தை இன்று சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. அறையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் சௌந்தரராஜன் குரலைத் தனியே பிரிக்கலாம். அதற்கு அடியில் புது மேளம் போடலாம். ஆனால், பிரிக்கும்போது யந்திரம் சில இடத்தில் தடுமாறும். குரலோடு ஒட்டிய புல்லாங்குழலின் மூச்சு போய்விடும். சலங்கையின் கடைசி அதிர்வு அறுந்துவிடும். கேட்பவர் கவனிக்க மாட்டார். பழையதைக் கேட்டிராதவருக்கு இழப்பே தெரியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி, இப்போது ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் 60 ஆண்டு. 1964-ல் வெளியான இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2024 டிசம்பரோடு முடிந்தது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொரு வருஷத்துப் பதிவுகள் விடுபடும்.

அதற்காக எல்லாம் பொதுச் சொத்து ஆகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பாட்டு எழுதியவர், மெட்டு போட்டவர் உரிமை வேறு. அது அவர் மறைந்து 60 ஆண்டு வரை நிற்கும். கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு.

ஆனாலும், ஒலிப்பதிவின் பூட்டு கழன்றால் கை வைப்பவர் எண்ணிக்கை பெருகும். அசலை அடையாளம் சொல்லும் வழி இப்போதே வேண்டும்.

துடைப்பது வேறு, தேய்ப்பது வேறு

"அப்படியானால் பழைய பாட்டைத் தொடவே கூடாதா?" என்று கேட்கலாம். தொடலாம். ஆனால் எப்படித் தொடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோயில் திருப்பணியில் கல்தூணை மணல் வீசிச் சுத்தம் செய்த காலம் ஒன்று இருந்தது. தூண் பளபளத்தது. கல்வெட்டு எழுத்து தேய்ந்துபோனது! அழுக்கோடு சரித்திரமும் போய்விட்டது. பிறகுதான் அந்த முறை கூடாது என்று கண்டித்துத் தடுத்தார்கள்.

பாட்டிலும் அதே கதைதான். தட்டில் விழுந்த கீறல் பாட்டைச் சேர்ந்தது அல்ல. அதைத் துடைக்கலாம். 'டப்' என்ற வெடிப்பை நீக்கலாம். ஆனால், இரைச்சலை அடியோடு ஒழிக்கிறேன் என்று இறங்கினால், தம்பூராவின் ரீங்காரமும் கூடவே போய்விடும். துடைப்பது தொண்டு. தேய்ப்பது தீங்கு. புதிதாகச் சேர்ப்பது வேறு வேலை. அதற்கு வேறு பெயர் வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதல் காரியம்: பழைய ஒலிப்பதிவு எங்கே நல்ல நிலையில் இருக்கிறதோ, அதை உள்ளது உள்ளபடி நகல் எடுத்துப் பாதுகாக்க வேண்டும். ஒரு நகல் போதாது. இரண்டு ஊரில் இரண்டு நகல் வேண்டும். படங்களைக் காக்க 1964-லேயே புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். பாட்டுக்கும் அந்த அக்கறை வேண்டும். பட அதிபர்களும் இசைக் கம்பெனிகளும் அரசாங்கமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டாவது: சீட்டு ஒட்ட வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தில் கூட என்ன சேர்த்தது, என்று செய்தது என்று அச்சடித்திருக்கிறது. பாட்டுக்கு மட்டும் ஏன் கூடாது? 'முதல் பதிவு, இந்த ஆண்டு'. 'சுத்தம் செய்தது, இந்த ஆண்டு'. 'புது வாத்தியம் சேர்த்தது, செய்தவர் இன்னார்'. இப்படி ஒரு வரி போதும். அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மூன்றாவது: இரண்டையும் கொடுக்க வேண்டும். "பழையதை யார் கேட்பார்கள்?" என்று வியாபாரி கேட்கலாம். அன்று ஒவ்வொன்றுக்கும் தட்டு அடிக்க வேண்டும், பணம் ஆகும். இன்று செல்போனில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க என்ன பெரிய செலவு? லண்டனில் இரண்டையும் வைத்தார்கள். இரண்டும் விற்றன.

வீட்டிலேயே ஒரு சோதனை

நான்காவது காரியம் வாசகர்களுடையது. இதற்குக் காசு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டோ காசெட்டோ இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால், பழைய படத்தில் வரும் காட்சியிலிருந்து பாட்டைக் கேளுங்கள். பிறகு புதிய பதிப்பைக் கேளுங்கள்.

இரண்டுக்கும் சத்தம் ஒரே அளவு இருக்கட்டும். இல்லாவிட்டால் காது ஏமாறும். பாட்டு முழுவதும் வேண்டாம். ஒரு சரணம் மட்டும் மூன்று முறை கேளுங்கள்.

பாடகர் மூச்சு வாங்குவது எதில் கேட்கிறது? தபலாவின் இடது கை எதில் கேட்கிறது? சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் வயலின் கூட்டம் எங்கிருந்து வருகிறது? புதியதில் கேட்கும் வாத்தியம் ஏதாவது பழையதில் இல்லாமல் இருக்கிறதா? பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் காது கூர்மை. முதியவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குப் பாட்டு மனப்பாடம். இரண்டும் சேர்ந்தால்தான் முழுக் காது!

முடிவில் புதியது பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவரைத் திட்ட வேண்டாம். அது அவர் ரசனை. ஆனால், இரண்டையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். ஒன்றை மறைத்து வைத்துவிட்டு, மற்றதை மட்டும் காட்டி, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்பது நியாயம் அல்ல.

பழைய நகைக்கு மெருகு போடலாம். கல் விழுந்திருந்தால் கல் வைக்கலாம். பேத்தி விரும்பினால் அதைப் பார்த்துப் புது நகையும் செய்யலாம். ஆனால், பாட்டியின் நகையை உருக்கிவிட்டு, "இதுதான் அது" என்று பேத்தியிடம் சொல்லக் கூடாது.